எட்டுக் கோடுகளும் ஒரு தொலைபேசியும்

ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு, பச்சை எலக்ட்ரானிக் போர்டிலுள்ள ஒவ்வொரு சிப்பின் மேலும் விரல் வைத்துப் பார்க்கிறார் போர்டுக்காரர். காய்ச்சல் பார்க்கிற மாதிரிதான். லிஃப்ட்டோ அச்சு இயந்திரமோ, எதன் மூளை நின்றாலும் இந்த ஒற்றை அறைக்குத்தான் வரும். ஸ்க்ரூடிரைவர் பல்லில் இருக்கும்வரைதான் அறையில் அமைதி. எடுத்துவிட்டால், போர்டு கொண்டுவந்தவரிடம் மனிதருக்கு வாய் ஓயாது.

"இந்த எட்டு கோடு இருக்கு பாருங்க, இதுக்குப் பேரு பஸ். ஆள் ஏத்துற பஸ் இல்லீங்க. பிராசசர், மெமரி எல்லாருக்கும் இது ஒண்ணுதான் வழி. பிராசசர் யாரோட முகவரியைக் கூப்பிடுதோ அவன் மட்டும் பேசணும், மத்தவன்லாம் கம்முனு இருக்கணும். ஒருத்தன் அடங்காம பேசிக்கிட்டே இருந்தான்னா, மெமரி கரடியா கத்தினாலும் பிராசசர் காதுல ஏறாது."

அடங்காத சிப் பெரும்பாலும் தொட்டால் சுடும். அதைப் பிடுங்கி வேறொன்றைச் செருகினால், செத்த போர்டு எழுந்து உட்காரும். இந்தக் கெட்டிக்காரத்தனம் வீட்டில் மட்டும் எடுபடவில்லை. தனக்குப் பிடித்தவனைப் பற்றிச் சொல்ல வந்த மகளை ஒரு வார்த்தை பேசவிடாமல் கத்தித் தீர்த்தார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய் மூன்று வருடமாகிறது.

ஞாயிறு பதினோரு மணிக்கு அவள் கூப்பிடுவாள். பத்தரைக்கே தொலைபேசியைத் துடைத்து எதிரில் வைத்துக்கொள்வார். அவளைப் பார்க்க மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். ஆனால் 'இனி வரமாட்டேன்' என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் மழை, லிஃப்ட், முதுகுவலி என்று மூச்சுவிடாமல் பேசுவார். கடைசியில் அவள், "சரிப்பா, வச்சிடட்டுமா?" என்பாள். வைத்தபின் வெகுநேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

போன ஞாயிறு மனைவி சாப்பாட்டுடன் வந்தாள். "மூணு வாரமா அவ ஏதோ சொல்ல வரா. நீங்க எங்க விடுறீங்க?"

அப்போதுதான் பிடுங்கிய சிப் அவர் உள்ளங்கையில் இருந்தது. சூடு இன்னும் ஆறவில்லை.

தொலைபேசி அடித்தது.

"அப்பா."

"ஒரு லிஃப்ட் போர்டு வந்திருக்கும்மா, அது என்னன்னா..." பாதியில் நிறுத்திக்கொண்டார். "நீ சொல்லும்மா."

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. லிஃப்ட் கதை அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேஜையில் கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பல்லில் இறுகக் கடித்துக்கொண்டார்.