சோடிக் கோப்பை

கணவன் இல்லாத ஒரு தாய்க்கு எத்தனை கோப்பை வாங்குவது? பெல்வில் சீனக் கடைக்காரி இதை என்னிடம் கேட்கவில்லை. பெற்றோருக்குத்தானே என்று சொல்லிச் சோடியாக எடுத்து வைத்தாள். நானும் தலையாட்டிவிட்டேன். ஒன்று போதும் என்று சொல்லியிருக்க வேண்டுமா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

என் கணவரின் தம்பி ஒரு சீனப் பெண்ணைக் கலியாணம் செய்யப்போகிறான். தாலியும் ஐயரும் எங்கள் விருப்பம் என்று பெண்வீட்டார் விட்டுவிட்டார்கள். ஒன்றை மட்டும் கேட்டார்கள். மணமக்கள் முழந்தாளிட்டு மாப்பிள்ளையின் பெற்றோருக்குத் தேநீர் கொடுக்க வேண்டும். அவர்கள் அதை வாங்கிக் குடித்த பிறகுதான் பெண் அவர்களை அம்மா, அப்பா என்று கூப்பிடலாம். அதற்கான தேநீர்ச் சாமான்களை மாப்பிள்ளை வீடே தெரிவு செய்யட்டும் என்றும் சொன்னார்கள். மூத்த மருமகள் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது.

நான் எதையும் பத்துப் பேரிடம் விசாரிக்காமல் செய்கிறவள் அல்ல. வெள்ளை கூடாது, அது அவர்களுக்குத் துக்க நிறம். நாலு கோப்பை கூடாது, அந்த எண் சாவு என்ற சொல்லைப் போல ஒலிக்குமாம். கீறல் விழுந்தது கூடவே கூடாது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் தாயான என் மாமியையும் மணப்பெண்ணையும் கூட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன். மாமி ஒரு சின்னக் கோப்பையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இதிலை என்ன பிள்ளை கிடக்குது? வாய் நனைய முதல் முடிஞ்சிடும்."

நான் பிரெஞ்சில் சொன்னதும் மணப்பெண் சிரித்தாள். முடிந்தால் திரும்ப ஊற்றித் தருவாளாம். அதைக் கேட்டு மாமியும் சிரித்தார். கடைசியில் சிவப்பில் பொன்வரி ஓடிய, மூடி போட்ட இரண்டு கோப்பைகளையும் ஒரு கேத்திலையும் தட்டத்தையும் வாங்கினோம்.

அதன் பிறகு மாமி வீட்டில் தேநீர் வாங்கிக் குடித்துப் பழகத் தொடங்கினார். பிடியில்லாத கோப்பை சுடும் என்று பயம். ஒரு கிண்ணத்தில் வெறுந்தேத்தண்ணியை ஊற்றி, இரண்டு கையாலும் வாங்கி, மெல்ல உறிஞ்சிப் பார்ப்பார். அரக்குச் சேலை இந்த வயதுக்குக் கூடிப்போகுமோ என்று என்னிடம் கேட்டார். ஊரில் நடந்த போரின் கடைசிச் சண்டையில் மாமாவைப் பறிகொடுத்துவிட்டு, இளையவனோடு இங்கே வந்து, லா கூர்னெவ் பக்கம் கந்தோர் கட்டடங்களைக் கூட்டித் துடைத்து அவனை வளர்த்தவர். தனக்கு ஒரு சேலை எடுப்பதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் பெரியப்பா வந்தார். லா சப்பல் தமிழ்க் கடைகளில் சாமான் வாங்க வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கோப்பைப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சோடியாத்தான் வாங்கியிருக்கிறாய். நல்லது. நானும் பெரிய மாமியும் இருக்கிறம்."

கணவனை இழந்த மாமி முன்னுக்கு இருக்கக் கூடாது, அவரும் மனைவியும்தான் பெற்றோர் இடத்தில் இருந்து தேநீர் வாங்கப்போகிறார்கள் என்பது எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. மாமி அதற்குள் "ஓம், அதுதானே முறை" என்று சொல்லிவிட்டுச் சோற்றை எடுக்கக் குசினிக்குள் போனார். தம்பியை வளர்த்தது மாமியெல்லோ என்று நான் கேட்டேன்.

"ஆர் இல்லையெண்டது? வளர்த்த தாய்தானே, பிள்ளை நல்லாயிருக்கோணும் எண்டுதான் நினைப்பா. அவவையே கேட்டுப் பார்."

பிறகு, பால் விடுவார்களா, வெறுந்தேத்தண்ணிதானா என்று விசாரித்தார்.

என் கணவர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குசினிக்குள் வைத்துக் கேட்டபோது, "பெரியப்பா கூப்பிடாட்டி நாங்கள் இந்த நாட்டிலை இருப்பமே? ஒரு நாள்தானே, விடுமப்பா" என்றார். மாப்பிள்ளை இன்னும் மேல். தனக்கு அம்மாதான் இருக்க வேண்டுமாம். ஆனால் அதைப் பெரியப்பாவிடம் நான்தான் சொல்ல வேண்டுமாம். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வாய் இல்லை, வந்த மருமகளுக்கு இருக்க வேண்டும்.

வெட்கத்தை விட்டு மணப்பெண்ணிடம் கேட்டேன். உங்கள் ஆட்களில் மாப்பிள்ளையின் தகப்பன் உயிரோடு இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்? அவள் தன் தாயிடம் கேட்டு வந்து சொன்னாள். தாய் தனியாக இருந்து தேநீர் வாங்குவார். மற்றக் கோப்பையிலும் ஊற்றி, தகப்பனின் படத்துக்கு முன்னால் வைப்பார்கள். அவ்வளவுதான். அதில் என்ன சிக்கல் என்பது போல என்னைப் பார்த்தாள்.

அவர்கள் செத்தவருக்கும் ஒரு கோப்பை வைக்கிறார்கள். நாங்கள் உயிரோடிருக்கிற பெண்ணைக் குசினிக்கு அனுப்புகிறோம். இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது, செத்தவீட்டு வேலையைக் கலியாண வீட்டில் செய்வதா என்று எரிந்து விழுந்தார். நானும் முதல்முறையாகக் குரலை உயர்த்தினேன். குழந்தை பயந்து அழுதது. அவர் சாப்பிடாமல் போனார்.

அன்று மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்காகச் சண்டை பிடியாதை பிள்ளை. நான் முன்னுக்கு இருந்து, நாளைக்கு அதுகளுக்கு ஏதும் வந்தால் நான் எப்பிடித் தாங்குவன்?"

பெரியப்பாவோடு நான் எத்தனை நாளும் சண்டை பிடிப்பேன். இந்தப் பயத்தை மாமியின் மனதில் போட்டவர்களை எங்கே போய்ப் பிடிப்பது? இன்னும் கேவலம், அந்தப் பயம் எனக்குள்ளும் துளி இருக்கிறது. படித்தவள்தான். ஆனாலும், நாளைக்கு அந்த இரண்டு பேருக்கும் ஒரு காய்ச்சல் வந்தால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள் என்று மனம் கணக்குப் போடுகிறது. அதை நினைத்தால் என்மீதே ஆத்திரம் வருகிறது.

மாமி இப்போது கோப்பை பிடித்துப் பழகுவதில்லை. கலியாணத்துக்கு எத்தனை பேருக்குச் சோறு என்று மட்டும் கேட்கிறார்.

நாள் நெருங்குகிறது. மாமியை இழுத்துக்கொண்டு வந்து கதிரையில் இருத்துவதா? பயந்து நடுங்கிக்கொண்டு குடித்தால் அது அவருக்கு மரியாதையா, தண்டனையா? அல்லது மணப்பெண்ணிடம் சொல்லி, மாமி எங்கே நிற்கிறாரோ அங்கேயே போய் முழந்தாளிடச் சொல்வதா? இதை வாசிக்கிறவர்களில் யாராவது உங்கள் வீட்டில் இப்படியொரு தாயைச் சம்மதிக்க வைத்திருந்தால், அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். விட்டுக்கொடுத்துப் போ என்று மட்டும் எழுதாதீர்கள். அதைச் சொல்ல எங்கள் வீட்டிலேயே போதிய ஆட்கள் இருக்கிறார்கள்.