பித்தளைமேல் ஓடிய மிக் வெல்டிங்

கிரைண்டர் பெயின்டையும் பள்ளம் நிரப்பிய புட்டிப் பூச்சையும் தின்று முடித்ததும், கீழே மஞ்சளாக ஒன்று பளிச்சிட்டது. பித்தளை. இரண்டு கதவுகளுக்கும் நடுவில் கூரையைத் தாங்கி நிற்கும் பில்லரின் அடியில், பித்தளை! இன்று நினைத்தாலும் உடம்பு பற்றிக்கொண்டு வருகிறது.

வண்டி ஹனூர்க்காரர் சின்னராசுவுடையது. மாதேஸ்வரன் மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஏழு சீட் வண்டி. டிராக்டர் டிரெய்லர் ஒன்று லேசாக உரசியதற்கே பில்லர் அடியில் விரிசல் விட்டுவிட்டது என்று மைசூரில் எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தார்.

இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஃபெண்டர் ஓரத்தில் கேஸ் வெல்டிங் செய்து பித்தளை ராடு உருக்கினால் நான் சண்டைக்கு வரமாட்டேன். பில்லர் அப்படியல்ல. மெல்லிய, ஆனால் பலம் கூடிய ஸ்டீல். கேஸ் தீ பட்டால் சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குத் தகடு நீலம் பூத்து வலுவிழக்கும். மெல்லிய வயரைக் கரண்டில் உருக்கும் மிக் வெல்டிங்கில் சூடு ஓரிடத்தோடு நிற்கும். அங்கே அதுதான் வேண்டும். அதிலும் பித்தளை பட்ட இடத்தில் மிக் பிடிக்காது. துத்தநாகம் கொதித்து, வெல்டிங் ஆப்பம்போலத் துளைதுளையாகப் பொங்கும். வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைப்பது ஒன்றே வழி.

மேனேஜர் கிருஷ்ணப்பா குனிந்து பார்த்தார்.

"மேல ஒரு ரன் மிக் ஓட்டி விடு ரவி. எஸ்டிமேட்ல மிக்னுதானே எழுதியிருக்கு?"

"வெட்டணும் சார். பித்தளை மேல நிக்காது."

"பிரைமர் அடிச்சா எல்லாம் நிக்கும். நாளைக்கு டெலிவரி. சும்மனே தலை தின்னாதே குரு." மைசூரில் 'குரு' என்றால் 'தம்பி' மாதிரி.

பிரைமர் அடித்தால் எல்லாம் நிற்குமாம்! மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் ஏழு உடம்புகள் ஒருசேரச் சாய்கிற பாரத்தை, ஒரு பூச்சு சாம்பல் நிறம் தாங்குமாம்!

சொன்னபடியே ஒரு ரன் ஓட்டினேன். பிரைமர் அடிக்கவில்லை. வாசலில் நின்ற சின்னராசுவை உள்ளே கூப்பிட்டு, அவர் கண்ணெதிரே சுத்தியலை ஓங்கினேன்.

"ஏனுங்க, வண்டிய ஒடைக்கறீங்களா?"

"ஒடையறதக் காட்டறேண்ணா."

இரண்டாவது அடியில் வெல்டிங் பொருக்காகப் பெயர்ந்து தரையில் விழுந்தது. அவர் அதை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"இத நம்பியா ஏழு சனத்த ஏத்தீட்டு நான் மலை ஏறோணும்?"

கிருஷ்ணப்பா முந்திக்கொண்டார். "அடியில இருக்கறது பழைய வேலை சார். எந்தப் பட்டறைக்காரன் வெச்சானோ..."

"எந்தப் பட்டறைங்க? மூணு வருசம் முந்தி இங்கதானுங்க வேலைக்கு உட்டேன்!" சின்னராசுவின் குரல் தகரக் கூரையில் மோதியது. "ஆருங்க வெச்சது?"

மேனேஜர் எஸ்டிமேட் தாளைப் புரட்டினார். எனக்குத் தெரியும். நான் இடதுகைக்காரன். உருகிய பித்தளை மடிப்பு மடிப்பாக உறையும்போது, என் கையில் அது எதிர்ப்பக்கம் சாயும். மஞ்சள் தெரிந்த அந்த நொடியிலேயே அடையாளம் கண்டுவிட்டேன். அன்று மிக் மெஷினில் வயர் தீர்ந்திருந்தது. புதுச் சுருள் வர ஒரு நாள் ஆகும். இதே மேனேஜர் அவசரப்படுத்தினார். கேஸைப் பற்றவைத்தது நான்.

"நான்தாண்ணா."

சின்னராசு கையிலிருந்த பொருக்கைத் தரையில் போட்டார்.

"எம் புள்ளைங்களையும் இதுலதானுங்க கூட்டீட்டுப் போனேன்."

அவர் ஒரு காலி பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, வண்டியருகே உட்கார்ந்தார்.

"வெட்டுங்க. நான் பாக்கறேன்."

பித்தளை பட்ட தகட்டை முழுவதும் வெட்டியெடுத்தேன். புதுத் தகடு வைத்து மிக் போட்டேன். ஒவ்வொரு புள்ளியையும் அவர் குனிந்து பார்த்தார். சிலவற்றைச் சுத்தியலால் தானே தட்டினார். டெலிவரி இரண்டு நாள் தள்ளிப்போனது. கிருஷ்ணப்பா இன்றுவரை என்னிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. அதைவிட, அந்த ஒரு நாள் காத்திருக்காத என் இடதுகைமேல் ஆறவில்லை.

அன்றிலிருந்து வண்டிக்காரர் வந்து வெறும் வெல்டிங்கைப் பார்த்துத் தட்டாமல், நான் பிரைமர் டப்பாவைத் திறப்பதில்லை. நீங்களும் திறக்காதீர்கள்.