வினாத்தாளில் நான் போட்ட காம்பரா நம்பர்

முட்டாள்தனத்தில் பல வகை உண்டு. ஆபீஸ் சீல் குத்திச் செய்வது என்னுடைய வகை. ஹல்துமுல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்தேன். ஓய்வு பெறச் சில மாதங்களே இருக்கும்போது, ஒரு டிவிசன் முழுவதையும் வேலைக்குப் போகவிடாமல் நிறுத்தினேன். தொழிற்சங்கத் தலைவர்கள் தொண்டை வறளப் பேசியும் நடக்காத காரியம் அது. எனக்கு ஒரு மை டப்பாவே போதுமாக இருந்தது.

1. தலையணைப் புத்தகம்

உதவி மனேஜரான எங்கள் சின்ன தொரை, பதுளையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. நல்ல மனிதர்தான். வார இறுதியில் எம்.பி.ஏ. படித்தார். அதுதான் எங்கள் எல்லோருக்கும் பிடித்த சனி.

ஒரு திங்கட்கிழமை, தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தை என் மேசையில் போட்டார். இந்தியாவில் வணிக முகாமைத்துவத்தின் பல துறைகளிலும் இப்போது நடக்கும் ஆய்வுகளைத் தொகுத்து அச்சிட்டிருந்தார்கள். போனில் பணம் கட்டுகிறவரின் மனநிலை, கடைக்குத் திரும்பி வருகிற வாடிக்கையாளரின் விசுவாசம், வங்கிக் கடன், சரக்குப் போக்குவரத்து என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. நானும் புரட்டினேன். அட்டவணைகளைப் பார்த்ததும் புரிந்தமாதிரி தலையாட்டினேன். அது முப்பது வருட ஆபீஸ் பழக்கம்.

"ஐயா, இதுல சொஃப்ட்வெயர் கம்பனி ஆளுங்க வேலைய விட்டுப் போற எண்ணத்தப் பத்தி ஒரு சாப்டர் இருக்கு. அதே கேள்விகள நம்ம தோட்டத்துல கேக்கப்போறேன்."

"அங்க ஏசி ரூம்ல உக்காந்திருக்காங்க சேர். இங்க மழையில நிக்கிறாங்க."

"அதனாலதானே ஐயா ஒப்பிட்டுப் பாக்கணும்?"

கேள்விகளைத் தமிழாக்குவது என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து பதில்கள். 'மிகவும் உடன்படுகிறேன்' என்று தொடங்கி 'அறவே உடன்படவில்லை' என்று முடியும். யாருடைய பெயரும் இருக்கக் கூடாது என்று சின்ன தொரை திரும்பத் திரும்பச் சொன்னார். பெயர் கேட்கவில்லை, சத்தியமாக. ஆனால் ஒரு தாள் மொட்டையாக ஆபீஸை விட்டு வெளியே போவதை என் கை பொறுக்காது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசையும் அதில் அவரவர் அறையும் தெரிய, மேலே 'லயம் நம்பர், காம்பரா நம்பர்' என்று இரண்டு கோடு போட்டேன். கீழே தோட்டத்துச் சீலைக் குத்தினேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

2. பெரட்டு

பின்னேரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் தொழிலாளர்களிடம் தாள்களைக் கொடுத்தோம்.

"எதுல கோடு போடணும்னு சொல்லுங்கய்யா, போட்டுட்டு வீட்டுக்குப் போறோம்" என்றார்கள்.

"ஒங்க மனசுல உள்ளதப் போடுங்க."

"மனசுல உள்ளதப் போட இதுல எடம் காணாதுங்க."

கொழுந்து பறிக்கிற பரமேஸ்வரி மட்டும் யாரையும் கேட்கவில்லை. 'இந்த வேலையை விட்டு விலக அடிக்கடி எண்ணுகிறேன்' என்பதற்கு நேரே, 'மிகவும் உடன்படுகிறேன்' மேல் தாள் கிழிகிற அழுத்தத்தில் ஒரு கோடு போட்டாள். அவள் புருஷனுக்குப் பண்டாரவளையில் மரக்கறிக் கடையில் வேலை. தோட்டத்தில் அவள் பெயர் மட்டும்தான் பதிவு. அந்தப் பெயரை நம்பித்தான் குடும்பமே லயத்தில் இருந்தது.

மறுநாள் காலை ஆட்களைக் கூட்டும் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுத்தோம். ஒருவரும் கூடையைத் தொடவில்லை. பரமேஸ்வரி முன்னால் வந்தாள்.

"வேல வேணாம்னு எழுதுனவங்க காம்பராவ விட்டுப் போகணுமாமே? எங்க மாமியா சட்டி பானையக் கட்டி வச்சிருச்சு."

"யாரு புள்ள சொன்னது?"

"நீங்கதான். லயம் நம்பர் கேட்டீங்க, காம்பரா நம்பர் கேட்டீங்க, சீலும் வச்சீங்க. வேறெதுக்கு?"

சின்ன தொரை குறுக்கே வந்தார். "இது ஆராய்ச்சிக்குத் தங்கச்சி. பதில ரகசியமா வச்சிருப்போம்."

"ரகசியத்துக்கு எதுக்குங்க வீட்டு நம்பர்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். வேண்டாத நாளெல்லாம் பெய்கிற மழை அன்றைக்கு வரவில்லை.

அப்போது எனக்கு ஒரு யோசனை உதித்தது. உதிக்காமல் இருந்திருக்கலாம். தாள்களின் அடியில் 'இப்பதிலுக்கும் காம்பராவுக்கும் எவ்விதச் சம்பந்தமுமில்லை' என்று எழுதி, நம்பிக்கை வரட்டும் என்று இன்னொரு சீலும் குத்தினேன்.

"இப்ப ரெண்டு சீலு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "கோர்ட்டுக்குத்தான் போகப்போவுது."

கூட்டம் இன்னும் நாலடி பின்னால் போனது. பங்களாவிலிருந்து பெரிய தொரையின் போன் வந்தது. மலையில் ஏன் ஆளில்லை என்று கேட்டார். சின்ன தொரை போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தும் எல்லோருக்கும் கேட்டது.

3. கத்தரிக்கோல்

"எரிச்சுருங்க" என்றாள் பரமேஸ்வரி.

சின்ன தொரை என் காதருகே வந்தார். "எரிச்சா என் ஆய்வு போச்சு ஐயா."

"எரிக்க வேணாம் சேர். தலையையும் காலையும் வெட்டுவோம்."

ஆபீஸ் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்க ஒவ்வொரு தாளிலும் நம்பரையும் சீலையும் வெட்டினேன். பரமேஸ்வரி தன்னுடையதைத் தானே வெட்டினாள். வெட்டிய துண்டுகளை அங்கேயே கொளுத்தவைத்தாள். நான் சீலைத் தாராளமாகக் குத்தியிருந்ததில், 'இந்த நிறுவனத்தில் மகிழ்ச்சியாக இருக்கிறேன்' என்ற கடைசிக் கேள்வியும் சேர்ந்து எரிந்தது. அதற்கு மட்டும் சின்ன தொரை இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

ஆய்வு செய்ய வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். அந்த சொஃப்ட்வெயர் கம்பனியில் வேலையை விடுகிறவர் நாற்காலியை விட்டு எழுந்து போகிறார். தோட்டத்தில் வேலையை விட்டால் கூரையையும் விட வேண்டும். தோட்டம் எனக்குத் தந்த குவாட்டர்ஸும் அப்படித்தான். அதைக் காலி செய்ய நாளெண்ணிக்கொண்டிருந்த எனக்கே, அந்தக் கேள்வியைத் தமிழில் எழுதும்போது இது உறைக்கவில்லை. கேள்வியை எங்கிருந்தும் எடுக்கலாம். பதில் சொல்கிறவருக்கு என்ன போகும் என்று பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும்.

கூடைகள் ஒவ்வொன்றாக முதுகில் ஏறின. பரமேஸ்வரி கயிற்றைத் தலையில் மாட்டும்போது, வாய் சும்மா இருக்காமல் கேட்டேன்:

"இப்ப நம்பரும் இல்ல, சீலும் இல்ல. நெசமாவே வேலைய விட்டுப் போற எண்ணம் இருக்கா புள்ள?"

"காம்பராவ எம்பேருக்கு எழுதிக் குடுத்துட்டுக் கேளுங்கய்யா."