கைமாறிய அரிவாள்

அந்த அரிவாளை அப்பா யாருடைய கைக்காக வாங்கினார்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பட்டறையில் ஆசாரியிடம் ஒன்று சொன்னார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வேறொன்று சொன்னார். இரண்டையும் பக்கத்தில் நின்று கேட்டவள் நான் ஒருத்திதான். அப்போது எனக்கு எட்டு வயது. பெரியவர்கள் இடத்துக்கு ஒரு பேச்சுப் பேசுவார்கள் என்பது அந்த வயதிலேயே பழகிவிட்டதால், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திருமயத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊரில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. மழை பொய்த்துச் சும்மா போட்டிருந்த காலத்தில் சீமைக்கருவேலம் அதை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டது. அந்தக் கோடையில் மரங்களை வெட்டித் தூரைத் தோண்டி, ஆடியில் கடலை விதைத்துவிட வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. முடிவாகியிருந்தது என்றால், அம்மாவும் அப்பாவும் தினமும் அதை வைத்துச் சண்டை போட்டார்கள் என்று பொருள். ஆள் விட்டு வெட்டலாம் என்பது அம்மா. என் நிலத்தை நான் வெட்டிக்கொள்கிறேன் என்பது அப்பா.

அவர்களுக்குச் சண்டை போட நிலம்தான் வேண்டுமென்பதில்லை. குழம்பில் உப்பு, கொடியில் காயாத வேட்டி, யார் கல்யாணத்துக்கோ யார் முதலில் கிளம்பியது என்று எது கிடைத்தாலும் போதும். அம்மா சண்டையிலும் மரியாதை குறைக்க மாட்டாள். “நீங்க என்னிக்காச்சும் நேரத்துக்கு வந்திருக்கீங்களா? ஒங்க கால்ல சுடுதண்ணி ஊத்துனாலும் வாரேன் வாரேன்னு அங்கிட்டே நிப்பீங்க” என்று ‘ங்க’ போட்டே ஒரு மணி நேரம் திட்டுவாள். அப்பா ஒரே ஒரு வரி பதில் சொல்லி அதை இரண்டு மணி நேரமாக்கிவிடுவார். நான் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவேன். எனக்குப் பெரிய ஆசை ஒன்றுதான் இருந்தது. இவர்கள் சண்டை போடாமல் இருக்க வேண்டும்.

அரிவாள் எடுப்பதில் அப்பாவுக்கு ஊரில் பெயர் இருந்தது. யார் புதிதாக வாங்கப் போனாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். முதலில் கையை நேராக நீட்டி அரிவாளைப் பிடித்துப் பார்ப்பார். மூக்குப் பக்கம் கனம் அதிகமென்றால் மதியத்துக்குள் மணிக்கட்டு கழன்றுவிடும். கனம் குறைந்தால் கருவை மரத்தில் பட்டு எகிறும். பிறகு ஒரு கண்ணை மூடி, வெயிலுக்கு எதிரே வாய்ப்பகுதி நேராக ஓடுகிறதா என்று பார்ப்பார். ஒரு கல்லால் முதுகில் தட்டிக் காது கொடுப்பார். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் அமுங்கிப் போகும். கடைசியாகப் பிடியை இறுக்கிப் பிடித்து, மரத்துக்குள் காம்பு ஆடுகிறதா என்று உதறிப் பார்ப்பார்.

வீட்டில் இருந்த அரிவாள் லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்தது, நல்ல கனம். அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் வேலை தொடங்குவதற்கு முன் புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்று அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு திருமயத்துக்குப் பஸ் ஏறினார். கோடை விடுமுறை. பஸ்ஸில் போகக் கிடைத்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது.

பட்டறையில் ஆசாரி வழக்கம்போலக் கனமானவற்றை எடுத்துப் போட்டார். அப்பா ஒன்றை எடுத்துக் கையை நீட்டினார். அரிவாளின் மூக்கு மெல்லக் கீழே இறங்கியது. அவர் அதைக் கவனிக்காதவர் போல வேறொன்றை எடுத்தார். அதுவும் இறங்கியது.

“மூக்கு கனமால்ல இருக்கு” என்றார்.

“போன தடவ இதவிடக் கனமா அடிச்சுக் கேட்டீங்களே தம்பி” என்றார் ஆசாரி.

அப்பா சிரித்தார். மூலையில் தொங்கிய சின்ன அரிவாள் ஒன்றை எடுக்கச் சொன்னார். அதைப் பிடித்து நீட்டினார். அது நேராக நின்றது.

“அது பொம்பளையாளுக கெளை கழிக்கிறதுக்குல்ல வச்சிருக்கேன்.”

“அதான். வீட்டுல அவுகளுக்குத்தான் எடுக்குறேன்.”

வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்க்கவில்லை. கல்லால் தட்டவும் இல்லை. பிடியில் மட்டும் பழைய சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கமாகச் சுற்றித் தரச் சொன்னார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிடிக்கத் தெரியாதவன்தான் ரப்பர் சுற்றுவான் என்று ஊரில் எத்தனையோ பேரை அப்பா கேலி செய்து கேட்டிருக்கிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸில், சாக்கில் சுற்றியிருந்ததைப் பார்த்துக் கண்டக்டர், “யாரை வெட்டக் கெளம்பிட்டீங்க அண்ணே?” என்றார்.

“கருவையத்தாங்க. வேற யாரும் நம்ம வெட்டுற வரைக்கும் நிக்க மாட்டேங்குறாங்க” என்றார் அப்பா. பஸ்ஸே சிரித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டில் அரிவாளைத் தரையில் வைத்தார். அம்மா குனிந்து பார்த்தாள்.

“இது யாருக்கு? எனக்கா? நான் அருவா கேட்டனா ஒங்ககிட்ட?”

“ஒனக்கு எதுக்கு? எனக்குத்தான். லேசா இருந்தா வெட்டு வேகமா விழுகும்.”

“கருவையில வெட்டுனா எகிறும். ஊருக்கே அருவா எடுத்துக் குடுக்குற மனுசனுக்கு இது தெரியாதா? இதுல ரப்பர் வேறயா! நாளைக்கு ரெண்டு குஞ்சமும் கட்டிக்கிட்டு வாங்க, பாக்க நல்லாருக்கும்.”

அன்றைய சண்டை அத்தோடு முடிந்தது. அம்மா அதைக் கையில் எடுத்துப் பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு, “என்னமோ பண்ணுங்க” என்று உள்ளே போய்விட்டாள். அப்படிப் பாதியில் விட்டுப் போவது அவள் வழக்கமில்லை. இதை நான் அப்போதே கவனித்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலையில் மூவரும் நிலத்துக்குப் போனோம். கஞ்சித் தூக்குவாளியோடு என்னை வரப்பில் உட்கார வைத்து, கூப்பிடாமல் வரக்கூடாது என்றார்கள். கருவேலத்தை நினைத்தபடி வெட்ட முடியாது. ஒருவர் கவைக்கம்பால் முள் கிளையை விலக்கிப் பிடிக்க வேண்டும். மற்றவர் காலுக்கு வெளியே வீச்சு போகும்படி பக்கவாட்டில் நின்று, சாய்வாக இரண்டு வெட்டுப் போட்டு எடுக்க வேண்டும். அம்மா கம்பால் பிடித்தாள், அப்பா வெட்டினார். முதல் மரம் விழுந்தது.

அடுத்த மரத்தில் இரண்டோ மூன்றோ வெட்டு விழுந்திருக்கும். அரிவாள் அப்பாவின் கையை விட்டுப் பறந்தது. வெயிலில் ஒருமுறை மின்னியதைப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த வரப்புக்கு முன்னால் மண்ணில் குத்தி நின்றது.

அம்மா முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு அரிவாளைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் வலது கையை. அதைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வேர்வை. வழுக்கிருச்சு” என்றார் அப்பா.

வந்து இடது கையால் அரிவாளைப் பிடுங்கினார். என்னைப் பார்த்து, “பயந்துட்டியாத்தா?” என்றார். திரும்பிப் போய், அதை வலது கைக்கு மாற்றி, மறுபடியும் மரத்தடியில் நின்றார். நான் இரண்டு கைகளையும் காதருகே கொண்டுபோய்த் தயாராக இருந்தேன். பிள்ளை மேல் அரிவாள் பறந்திருக்கிறது. இதற்கு அம்மா ஒரு வாரமாவது திட்டுவாள்.

அவள் கவைக்கம்பைக் கீழே போட்டாள். “கொண்டாங்க” என்று கையை நீட்டினாள்.

எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெட்டும் பொருள் எதையும் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும். தரையில் வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அரிவாள்மனையிலிருந்து என் பென்சில் சீவும் பிளேடு வரைக்கும் அம்மா இதில் கறாராக இருந்தாள். இவ்வளவு காத்தும் சண்டைக்குக் குறைவில்லையே, காக்காமல் விட்டால் என்னாகும் என்று நான் நடுங்கியதுண்டு.

அப்பா குனியப் போனார். “கீழ வைக்கிறேன். எடுத்துக்க.”

“வேணாம். கையிலயே குடுங்க.”

அரிவாளைப் பிடித்திருந்த அவர் கையின் மேல் அம்மா தன் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. “அம்மா! கையில வாங்குற! சண்ட வரும்!” என்று வரப்பிலிருந்து கத்தினேன்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா சிரித்தார். “வரட்டும்த்தா. வந்தா நல்லதுதான்” என்றார்.

அம்மா அரிவாளை வாங்கிக்கொண்டாள். அன்று பொழுது சாயும்வரை அவள்தான் வெட்டினாள். அவள் சொன்னபடியே அந்த லேசான அரிவாள் கருவையில் எகிறத்தான் செய்தது. வெட்டு விழும் சாய்வை மாற்றி மாற்றி, மரத்துக்கு நாலு வெட்டு கூடப் போட்டு, அதைக் கொண்டே வேலையை இழுத்தாள். அப்பா இடது கையால் கவைக்கம்பைப் பிடித்து முள்ளை விலக்கினார். அந்தக் கோடை முழுவதும் இப்படித்தான் நடந்தது. பொண்டாட்டி மரம் வெட்டுகிறாள், புருசன் முள் இழுக்கிறான் என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். “எங்க வீட்டுல ஆபீசர் அவுக, நான் பியூனு” என்று அப்பா அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

நான் எதிர்பார்த்த சண்டை மட்டும் வரவில்லை. அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. குழம்பில் உப்பில்லாத நாளில் அப்பா பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். வேட்டி கொடியிலேயே நனைந்து கிடந்தபோது அம்மா பேசாமல் வேறொன்று எடுத்துக் கொடுத்தாள். ஒருநாள் அவருக்குச் சட்டைப் பட்டனைப் போட்டுவிட்டாள். சினிமாவில் வருகிற மாதிரி இருந்ததால் நான் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரித்தேன். இருவரும் அடிக்கடி தஞ்சாவூருக்குப் போய் வந்தார்கள். ஒரு சொந்தக்காரரைப் பார்க்க என்றார்கள். அந்தச் சொந்தக்காரரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஏனென்றால் திரும்பி வரும்போதெல்லாம் கிரீம் பிஸ்கட் வந்தது. பள்ளி திறந்ததும் என் சிநேகிதியிடம் பெருமையாகச் சொன்னேன்: “எங்க வீட்டுல இப்ப சண்டையே இல்லடி. கையில அருவாள வாங்கிட்டாங்க, அப்பவும் வரல. அதெல்லாம் சும்மா பொய்யி.”

ஆடியில் மழை பெய்தது. கடலை விதைத்தார்கள். அதைப் பறிக்கும்போது அப்பா இல்லை. தலைக்குள் கட்டி என்று, சாவு வீட்டில் யாரோ யாரிடமோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

புதுக்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது ஒரு விடுமுறையில் அம்மாவிடம் கேட்டேன். “அந்த அருவா ஒனக்கு வாங்குனதா, அவருக்கு வாங்குனதாம்மா?” தன் கை விழுந்துகொண்டிருப்பது தெரிந்து, இன்னும் கொஞ்ச நாள் தானே வெட்டிவிடலாம் என்று லேசாக எடுத்தாரா? இல்லை, இனிமேல் இவள்தான் வெட்ட வேண்டியிருக்கும் என்று அப்போதே அவளுக்காக எடுத்தாரா? முதலாவது என்றால் அவருடைய பிடிவாதத்தை நினைத்து எனக்கு அழுகை வருகிறது. இரண்டாவது என்றால், என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பஸ்ஸில் அவர் எப்படிச் சிரித்தார் என்று நினைத்து வருகிறது.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. “யாருக்கு வாங்குனா என்ன, மரம் விழுந்துச்சுல்ல” என்றாள். கொஞ்சம் கழித்து, “ஒரு தடவையாச்சும் அவரத் திட்டியிருக்கலாம். திட்டாம இருந்தே அவருக்குத் தெரிய வச்சுட்டேன்” என்றாள்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. என் மகளுக்கு ஏழு வயது. என் மாமனார் எங்களோடு இருக்கிறார். டிவி சத்தம், சிந்திய பால், கழற்றிப் போட்ட செருப்பு என்று எதற்கும் அவளை அதட்டிக்கொண்டே இருப்பவர். சென்ற மாதம் மருத்துவர் எங்களிடம் சொன்னதை நாங்கள் இன்னும் வெளியே சொல்லவில்லை. அவரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் அதட்டுவதை நிறுத்திவிட்டார். நேற்றுச் சாயங்காலம் மகள் அடுக்களைக்குள் குதித்துக்கொண்டு வந்தாள். “அம்மா, தாத்தா இப்பல்லாம் என்னயத் திட்டுறதே இல்ல. பாலக் கொட்டுனேன், அப்பவும் திட்டல. நல்ல தாத்தா ஆயிட்டாரும்மா!”

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

சொல்ல வேண்டாம், சின்னப் பிள்ளை என்கிறார் என் கணவர். சொன்னால் அவள் முகம் மாறும். அந்த முகத்தோடு தாத்தா முன்னால் போய் நிற்பாள், அவர் தெரிந்துகொள்வார். சொல்லாவிட்டால் ஒருநாள் அவளும் என்னைப் போல, தான் மகிழ்ந்த நாட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கூசுவாள். எது சரி என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் ஒன்று சரியென்று படுகிறது, மறுநாள் அதுவே தவறென்று படுகிறது.

உங்களில் யாராவது இப்படி ஒரு குழந்தைக்குச் சொல்லியிருக்கிறீர்களா? எந்தச் சொல்லில் தொடங்கினீர்கள்? குழந்தை என்ன கேட்டது? சொல்லாமல் விட்டவர்கள் இருந்தால், விட்டது நல்லதாய்ப் போயிற்றா என்று அதையும் எழுதுங்கள். முடிந்தால் கொஞ்சம் சீக்கிரமாக எழுதுங்கள்.