கிருபாபாய் குறைக்காத ஊர்

கிருபாபாய் என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் கொழுந்தன் மகள் பரிபூரணத்தின் வாயிலிருந்து. அவளுக்குத் தலைப்பிள்ளை வலி. பெற்ற தாயைக் கூப்பிடாமல், "கிருபாபாய் அக்காவ வரச்சொல்லுங்க, அவிய வந்தாத்தான் பெறுவேன்" என்று அடம்பிடித்தாள். எண்பத்து மூன்றோ நான்கோ, ஐப்பசி மாதம். மலையிலிருந்து மேகம் இறங்கி மாந்தோப்பைப் பாதி மறைத்திருந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் குடை மட்டும் தனியாக மிதந்து வந்தது. கிட்ட வந்த பிறகுதான் கீழே ஆள் இருப்பது தெரிந்தது.

பிறந்த பேரனைக் கிருபாபாய் உள்ளங்கையில் ஏந்தி, "வாங்க, வாங்க. வழியில மழையா? செத்த நேரம் அழுதுட்டு ஒறங்குங்க" என்றார். எந்தப் பிள்ளைக்கும் அந்த மரியாதைதான். நடக்கப் பழகிய பிறகுதான் 'ஏலே', 'ஏட்டி' எல்லாம்.

அவர் அரசாங்க நர்ஸ். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மம்சாபுரத்துக்கு பஸ், அங்கிருந்து கண்மாய்க் கரையோடு எங்கள் சின்ன ஊருக்கு நடை. பஸ்ஸில் தூங்குவார். இறங்கியும் கனவு கலையாதவர் போலத்தான் நடப்பார். மாசமாய் இருப்பவளிடம், "ஒன் பிள்ளைய பஸ்ஸுல பாத்துட்டேன்ட்டி, சன்னலோரமா உக்காந்து வாராக" என்பார். மழை இல்லாவிட்டாலும் குடை விரிந்தே இருக்கும். ஏனென்று கேட்டேன். "தலைக்கு மேல கொஞ்சம் நிழல் இருந்தா நெனப்பு கலையாது, பெரியம்மா."

கருத்தடை ஆபரேஷனுக்கு அவர் யாரையும் நெருக்கியதில்லை. "போதும்னு தோணுச்சுன்னா சொல்லு, கூட வாரேன். தோணலையா, சத்து மாத்திரையத் தின்னுட்டு நல்லாப் பெறு" என்பதோடு சரி.

இந்த வருஷம், தொண்ணூற்றொன்றில், ஜனக்கணக்கு எடுத்தார்கள். எங்கள் ஊரில் முந்தின கணக்கைவிட ஆள் குறைவு என்று வந்தது. "நர்சம்மா ஆபரேஷன் பண்ணியே ஊரக் கருக்கிட்டாக" என்று நாட்டாமை சௌந்தரபாண்டியன் டீக்கடையில் சொன்னார். அது தெருத்தெருவாகப் போனது. வாசலில் குடையைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். வெள்ளத்தாயின் மகள் முத்துப்பேச்சி மாசமாய் இருந்தாள். "எம் மகளத் தொட வேண்டாம், அங்கனயே நில்லுங்க" என்று வெள்ளத்தாய் சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணுக்குக் காலெல்லாம் வீக்கம். பார்க்காமல் விட்டால் என்ன ஆகுமென்று கிருபாபாய்க்குத் தெரியும். அன்று கண்மாய்க் கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்து முற்றத்தில் கூட்டம் போட்டு, மேலதிகாரி ஒருவர் அவருக்குப் பரிசு கொடுக்க வந்தார். 'இந்த ஊரின் மக்கள்தொகையைக் குறைத்த பெருமை இவரையே சேரும்' என்றார். தெருவில் வசவாகச் சொன்னதையே மைக்கில் புகழாகச் சொன்னால் என்ன ஆகும்? வெள்ளத்தாய் என்னை இடித்து, "கேட்டீகளா, அதிகாரியே ஒத்துக்கிட்டாக" என்றாள்.

கிருபாபாய் எழுந்து போய் மைக்கைப் பிடித்தார்.

"சார், ஊர நான் குறைக்கல. ராஜபாளையம் மில்லுக்கும் தளவாய்புரம் தையலுக்கும் எம்புட்டுப் பேரு போயிருக்காக! அவிய சாகல, பொங்கலுக்கு வருவாக. போதும்னு நிறுத்துனவளுக அவளுகளாத்தான் நிறுத்துனாளுக. அது அவளுக முடிவு, என் சாமர்த்தியம் இல்ல." பெண்கள் பக்கம் திரும்பினார். "மிச்சத்த நான் சொல்லவா, நீங்க சொல்லுதீகளா?"

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் எத்தனை பிள்ளை என்று யாராவது கேட்டால், கண் படுமென்று ஒன்றைக் குறைத்துத்தான் சொல்வோம். முந்தின கணக்கை எடுத்தது எங்கள் ஊர் வாத்தியார். அவருக்கு எல்லாப் பிள்ளைகளையும் தெரியும். இந்தத் தடவை வந்தவர் அசலூர்க்காரர். வீட்டுக்கு ஒரு பிள்ளை கொல்லைப்பக்கம் ஒளிந்திருந்தது.

"பெத்தவ வாயால முழுசாச் சொல்லுவாளா?" என்று வெள்ளத்தாய் கத்தினாள்.

"ஊரு கருகிப் போச்சுன்னு மட்டும் முழுசாச் சொல்லுதீக!" என்றார் கிருபாபாய்.

முற்றமே சிரித்தது. சௌந்தரபாண்டியன் விடவில்லை. "அப்ப குறையவே இல்லங்கீகளா?"

"குறைஞ்சிருக்கு, அண்ணாச்சி. பூட்டிக் கெடக்கிற வீட்டையெல்லாம் நானும் பாத்துக்கிட்டுத்தான வாரேன். போனவுகளப் போயிருக்காகன்னு சொல்லுங்க. ரெண்டு போதும்னு இருக்கிறவளப் போதும்னு இருக்கான்னு சொல்லுங்க. ஊரே அழிஞ்சுட்டுன்னு சொன்னா, இங்க இருக்கிறவுகள எங்க கொண்டு வைக்க?"

நாட்டாமை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதிகாரி பரிசுப் பெட்டியை நீட்டினார். கிருபாபாய் அதை வாங்காமல் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்.

அது போன வாரம். இன்று காலையிலிருந்து தூறல், மலை கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளத்தாய் நனைந்துகொண்டே கண்மாய்க் கரைவரை ஓடினாள். கிருபாபாயின் தோள்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். முத்துப்பேச்சிக்கு வலி கண்டிருக்கிறது. கிருபாபாய் இப்போது வெள்ளத்தாய் வீட்டுக்குள் இருக்கிறார்.