கத்திரிப்பூ கலர் சுவரும் இரண்டு டிரம்மும்

என் வீட்டுக்காரரை நான் கட்டிக்கொண்டபோது அவருடைய மகளுக்குப் பதினோரு வயது. தாயை இழந்த பிள்ளை. அதுவரை பொம்மையார்பாளையத்தில் சித்தி வீட்டில் வளர்ந்தவள். மரக்காணத்துக்கு வந்து நாலு மாதமாகியும், கொண்டுவந்த பையை அவள் காலி செய்யவில்லை. சட்டையை எடுப்பாள், போடுவாள், துவைத்து மடித்து மறுபடி அதற்குள்ளேயே வைப்பாள். எந்த நேரமும் கிளம்பிவிடுவாளோ என்று எனக்குப் பயம். என்னிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டாள். அதுதான் இன்னும் பயம்.

விறகும் என் உப்பளத்துக் கூடையும் கிடந்த பின்னறையை ஒழித்துவிட்டு, "இது உனக்குத்தான். என்ன கலர் அடிக்கலாம்?" என்று கேட்டேன்.

"உங்களுக்குப் பிடிச்சதே அடிங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "தூங்கப் போறது நீயா நானா? வாயத் தொறந்து சொல்லுடி!"

சொன்னாள். கத்திரிப்பூ கலர். அவள் அப்பா, "இன்னாது, கல்யாண மண்டபமா?" என்று சிரித்தார். "உங்களை யாரு கேட்டா?" என்று அவரை விரட்டிவிட்டு நான் தண்ணீர் ஊற்றி டிஸ்டம்பர் கலக்கிக் கொடுத்தேன். கை எட்டும் வரை அவள் அடித்தாள், அதற்கு மேலே நான். முடித்தபோது அவள் மூக்கிலும் கத்திரிப்பூ.

பத்தாம் நாள் சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, பெயிண்ட் பொரிந்து உதிர்ந்தது. தப்பு என்னுடையது. எங்கள் கொல்லையில் இரண்டு டிரம். ஒன்றில் நல்ல தண்ணீர். மற்றதில் பாத்திரம் கழுவ போர் தண்ணீர், வாயில் வைத்தால் கரிக்கும். குடிக்கவும் சமைக்கவும் தவிர நல்ல தண்ணீரைத் தொடாத கை இது. சுவருக்குப் போய் நல்ல தண்ணீரா என்று அது பாட்டுக்குப் போர் தண்ணீரை மொண்டு ஊற்றியிருக்கிறது.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் சுவரைப் பார்த்தாள். "எந்தத் தண்ணியில கலக்குனீங்க?"

சொன்னேன்.

"தினம் உப்பளத்துக்குப் போறீங்க, இதுகூடவா தெரியாது? என் ரூமைக் கெடுத்துட்டீங்களே!" தெருவே கேட்கக் கத்தினாள்.

வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். இவளோ, என் ரூம் என்கிறாளே! அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். அந்த உப்புத் தண்ணீருக்கு நான் எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தோம். "இந்த வாட்டி நான்தான் கலக்குவேன். நீங்க டிரம்மு பக்கமே வரக்கூடாது" என்றாள்.

"சரிங்க மேஸ்திரி" என்றேன்.

தூள் தரையில் குவிந்துவிட்டது. அள்ளிப் போட எதுவும் அகப்படவில்லை. அவள் போய்த் தன் பையைத் திறந்தாள். துணியெல்லாம் எடுத்து என் பீரோவில், என் புடவைகளுக்குப் பக்கத்தில் அடுக்கினாள். காலிப் பையில் தூளை வாரிப்போட்டு, "ஒரு பக்கம் பிடிங்க" என்றாள். தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டினோம். அந்தப் பை இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, கொட்டாங்கச்சி போட்டுவைக்க.