மிளகாய் வத்தல் நிறத்தில் இரண்டு கார்கள்

எனக்குக் கார் ஓட்ட வந்தது நாற்பத்தாறு வயதில். அதற்கு முன்னால் ஸ்கூட்டர்கூடத் தொட்டதில்லை. என் வீட்டுக்காரருக்கு விருதுநகரில் மிளகாய் வத்தல் வியாபாரம். சின்ன வயதில் பட்ட அடியில் அவருக்கு இடது கண் போய்விட்டது. வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டுதான் கடை நடத்தினார். ஒரு வத்தலை எடுத்து வெளிச்சத்தில் காட்டினால் அது எந்தப் பக்கத்து மண்ணில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். ஆனால் ரோட்டில் வண்டி ஓட்ட அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

"நீ ஓட்டு புள்ள, நான் பக்கத்துல உக்காந்துக்கிடுதேன்" என்றார்.

அப்படித்தான் அந்தக் காரை வாங்கினோம். வெளியே பார்த்தால் சின்ன வண்டி, உள்ளே ஏறி உட்கார்ந்தால் ஜீப் மாதிரி உயரம். கியர் போடும் வேலை இல்லை. நிறம் நல்ல பழுத்த வத்தல் நிறம். அதைப் பார்த்ததும் அவர் வேறு எதையும் பார்க்க மாட்டேன் என்றுவிட்டார். கம்பெனிதான் யாருக்கும் தெரியாத கம்பெனி. அதன் பெயர் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு வாயில் நுழையவில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இது எந்த ஊரு கம்பெனி? சாமான் கிடைக்குமா?" ஒரு வருடத்துக்குள் மதுரையில் இருந்த அவர்களுடைய ஷோரூமை மூடிவிட்டு அந்த இடத்தில் சோபா விற்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் காபி போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஆனால் அந்த வண்டி எனக்குக் காட்டியதை நான் யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. பிறந்ததிலிருந்து நான் இந்த ஊர்க்காரி. சிவகாசிக்கு நூறு தடவையாவது பஸ்ஸில் போயிருப்பேன். ஆமத்தூர் தாண்டி முதல் தடவையாக நானே ஓட்டிக்கொண்டு போன காலையில்தான் இந்த நிலத்தைப் பார்த்தேன். பட்டாசுக் கம்பெனிகளின் சுற்றுச்சுவருக்கு மேலே பார்வை போனது. உள்ளே ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள், நடுவில் வேப்பமரங்கள், வெயிலில் காய வைத்த வெடித்திரிகள். அந்தப் பக்கம் கரிசல் காடு வானம் வரைக்கும் கிடந்தது. இம்புட்டு பெரிய இடத்திலா நான் இத்தனை வருடம் இருந்தேன் என்று ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி வந்து, "என்னம்மா, ரிப்பேரா?" என்று கேட்டார். இல்லை, பார்க்கிறேன் என்றேன். எதை என்று கேட்டார். கரிசல் காட்டுப் பக்கம் கையைக் காட்டினேன்.

மூன்று வருடம் வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை. அதற்குள் அவருடைய நல்ல கண்ணில் புரை விழுந்துவிட்டது. கடையில் வத்தலை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்க ஆரம்பித்தார். வழக்கமாகப் பார்க்கிற டாக்டரம்மா திருநெல்வேலிக்கு மாறிப் போயிருந்தார். இருக்கிறது ஒரே கண், அதை அவர் கையில்தான் கொடுப்பேன் என்று இவர் பிடிவாதம் பிடித்தார். டாக்டர் தேதி கொடுத்தார். முதல் நாள் சாயங்காலம் நான்கு மணிக்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும், மறுநாள் காலையில் ஆபரேஷன்.

நேராக நாலுவழிச்சாலையில் சாத்தூர் வழியாகப் போயிருக்கலாம். சிவகாசியில் இருக்கிற தன் அக்காவைப் பார்த்து, கண்ணுக்காக துஆ செய்யச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றார். அதனால் சிவகாசி போய், அங்கிருந்து வெம்பக்கோட்டை, திருவேங்கடம் வழியாகப் போவதாக முடிவு செய்தோம். ஐப்பசி மாதம். ஒரு வாரமாக விட்டு விட்டு மழை. வெம்பக்கோட்டை தாண்டி இரண்டு மூன்று கிலோமீட்டர் போயிருப்போம். ஓடிக்கொண்டிருந்த வண்டி சத்தமே இல்லாமல் அணைந்துவிட்டது. ஓரம் கட்டினேன். திரும்பத் திரும்ப பட்டனை அமுக்கினேன். உள்ளே விளக்கெல்லாம் எரிகிறது, இன்ஜின் மட்டும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

மணி பன்னிரண்டரை. விருதுநகரில் எங்களுக்குத் தெரிந்த டாக்ஸிக்காரர் மதுரையில் சவாரியில் இருந்தார். சிவகாசியில் ஒருவர் இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பயந்தால் அவர் அப்படித்தான்.

அப்போது மொபெட்டில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். எங்களைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"எங்கூரு அக்கா வண்டிய நீங்க எப்படிக் கொண்டாந்தீக?" என்று கேட்டார்.

இது எங்கள் வண்டி என்றேன். அவர் நம்பவில்லை. போனை எடுத்தார். எதிர்ப்பக்கம் பேசியது எங்களுக்கும் கேட்டது.

"அக்கா, ஒங்க வண்டி ரோட்டுல நிக்கி."

"எவம்லே இவன், என் வண்டி என் முன்னாலதான நிக்கி!"

"இல்லக்கா, இங்கனயும் நிக்கி. அதே கலரு. ஒரு பாய் வீட்டம்மா ஓட்டிட்டு வந்திருக்காக."

அந்தப் பக்கம் கார்க் கதவு அடைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அங்கனயே இருக்கச் சொல்லு" என்று வந்தது.

பத்து நிமிடத்தில் வயல் பாதையிலிருந்து எங்கள் கார் வந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். நம்பர் பிளேட்டும் பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த குலதெய்வத்தின் பெயரும்தான் வித்தியாசம். எங்கள் கண்ணாடியில் 786. ஓட்டி வந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை. செருப்பில்லாத காலில் கரிசல் மண் ஒட்டியிருந்தது. இறங்கியவர் என்னைப் பார்க்கவில்லை. நேரே என் வண்டிக்குப் போய், கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி பானெட்டைத் தடவினார்.

"நான் மட்டுந்தான் ஏமாந்தேன்னு நெனச்சேன் தாயி" என்றார்.

எனக்கு அழுகை வருகிற நேரம் அது. சிரித்துவிட்டேன்.

போன ஆடியில் அவர் வண்டியும் இதே மாதிரி நின்றுவிட்டதாம். இன்ஜினில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சென்சார் இருக்கிறது, அது போனால் இப்படித்தான் ஓசைப்படாமல் நிற்கும், சாத்தூரில் ஒரு மெக்கானிக்குக்கு அது தெரியும், ஆனால் சாமான் கோயமுத்தூரிலிருந்துதான் வர வேண்டும் என்றார். எங்கே போகிறோம் என்று கேட்டார். சொன்னேன். காருக்குள் இருந்த இவரைக் குனிந்து பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இத எடுத்துட்டுப் போங்க. ஒங்க வண்டி இங்க கெடக்கட்டும்."

நான் கையை நீட்டாமல் கேட்டேன்:

"உங்க வண்டியவா? எங்களை உங்களுக்குத் தெரியாதேக்கா."

"வண்டியத் தெரியும்ல. எந்தப் பட்டன் எங்க இருக்குன்னு ஒங்களுக்குச் சொல்லவா வேணும்? கண்ணு ஆபரேசன வச்சுக்கிட்டு ரோட்டுல நிக்கலாமா? ஏறுங்க."

புல்லுக்கட்டுக்காரர் எங்கள் பெட்டியை மாற்றி வைத்துவிட்டார். என் சாவியை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். போன் நம்பர்கூட நான் கிளம்பின பிறகுதான் நினைவு வந்து, கண்ணாடியை இறக்கி, கத்திக் கேட்டு வாங்கினேன்.

அந்த வண்டிக்குள் பருத்திக்கொட்டை வாசம். முன்னால் அம்மன் படம், காய்ந்த எலுமிச்சம்பழம். பின் சீட்டில் ஒரு சாக்கு, மண்வெட்டி. சீட் மட்டும் எனக்கென்றே போட்டு வைத்த மாதிரி சரியாக இருந்தது. அந்த அம்மா என் உயரம். பத்து கிலோமீட்டர் ஓட்டியிருப்பேன். வீட்டுக்காரர் மெதுவாக, "சுப்ஹானல்லாஹ்" என்றார். நானும் ஒரு தடவை சொல்லிக்கொண்டேன்.

திருவேங்கடத்தில் டீ குடிக்க நிறுத்தினேன். முண்டாசு கட்டிய ஒருவர் வந்து வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"அக்கா எங்க?" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன். என் தலையில் போட்டிருந்த துப்பட்டாவையும் உள்ளே இருந்த அம்மன் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் அவுகளுக்கு உரம் கொடுக்கவன். யாருட்டயும் சாவியக் கொடுக்க மாட்டாகளே. வீட்டுக்கார அண்ணனே கேட்டுத்தான் எடுப்பாரு."

அவர் முன்னாலேயே அந்த அம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "லே, அவுகள மறிக்காத! நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" என்று ஒரு சத்தம். மனிதர் அப்படியே விலகினார். நாங்கள் டீக்குக் காசு கொடுக்கப் போனபோது அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தார்.

மூன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்கு அடுத்த நாள் கட்டைப் பிரித்து, டாக்டர் விரலைக் காட்டினார். எத்தனை விரல் என்று இவர் சரியாகச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒனக்கு இம்புட்டு நரைச்சிருச்சா?" என்று கேட்டார். டாக்டரம்மா அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

நான்காம் நாள் வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். கழுவி, துடைத்து, அந்தச் சாக்கையும் மண்வெட்டியையும் இருந்த இடத்திலேயே வைத்திருந்தேன். அந்த அம்மா வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் என் வண்டி நின்றது. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அந்த அம்மா தார்ப்பாயை உருவிவிட்டு, "அமுக்குங்க" என்றார். அமுக்கினேன். இன்ஜின் ஓடியது.

இந்த வண்டி வைத்திருப்பவர்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்களாம். தமிழ்நாடு முழுக்க முப்பது நாற்பது பேர். அதில் இந்த அம்மா சென்சார் வேண்டும் என்று போட்டுவிட்டிருக்கிறார். கோயமுத்தூரில் ஒருவர் தனக்கென்று வாங்கி வைத்திருந்த சென்சாரை அன்று சாயங்காலமே பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டார். சாத்தூர் மெக்கானிக் வந்து மாட்டியிருக்கிறார். அந்தக் கோயமுத்தூர்க்காரரை இந்த அம்மாவும் பார்த்ததில்லை. இன்றைக்கு வரைக்கும் நானும் பார்த்ததில்லை. என் வண்டிக்குள் ஒரு துண்டாக அவர் ஓடிக்கொண்டிருக்கிறார் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

சோறு போட்டார்கள். அவர் வீட்டுக்காரர் இலையைக் கழுவிக் கொண்டுவந்து விரித்தார். "சாப்பிட்டுட்டுத்தான் போகணும். நாங்க கோழி அடிச்சா நீங்க சாப்பிட மாட்டீகன்னு சொன்னாக, அதான் பருப்புக்குழம்பு" என்றார். சாப்பிடும்போது நான் கேட்டேன்.

"எப்படிக்கா நம்பிக் கொடுத்தீக? நாங்க திரும்பி வராமப் போயிருந்தா?"

அந்த அக்கா மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "எங்க கொண்டுபோய் ஒளிச்சு வைப்பீக? ஜில்லாவுலேயே ரெண்டு வண்டிதான இருக்கு."

எல்லாரும் சிரித்தோம். கொஞ்சம் கழித்துச் சிரிக்காமல் சொன்னார்: "ஒங்க வீட்டுக்காரரு ஒரு வார்த்தை பேசல. கைய மட்டும் இறுக்கிப் பிடிச்சிருந்தாரு. எங்க அப்பா கண்ணு தெரியாமதான் செத்தாரு தாயி."

கிளம்பும்போது, வைப்பாற்று அணை நிறைந்துவிட்டது, பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். அவர் வண்டி முன்னால், என் வண்டி பின்னால். கரைமேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கம்பை ஊன்றி நின்று, "என்னத்தா, வண்டி குட்டி போட்டுருச்சா?" என்று கத்தினார்.

இறங்கிக் கரையில் ஏறினோம். வைப்பாற்றை நான் மணலாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அங்கே தண்ணீர் என் கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும் கிடந்தது. காற்று அடிக்கும்போது முழுவதும் ஒன்றாக அசைந்தது. மதகில் இரைச்சல். ஷட்டர் வழியாகப் போகிற தண்ணீர் செம்மண் நிறத்தில் மடிந்து மடிந்து இறங்கியது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரு வண்டியை மாற்றிக் கொடுத்த கையும், முகம் தெரியாத ஒருவர் போட்ட பார்சலும், இத்தனை தண்ணீரும் ஒரே வாரத்தில் என் கண்ணில் பட்டிருக்கின்றன. நான் என்ன செய்தேன் இதற்கு என்று தோன்றியது.

வீட்டுக்காரர் கறுப்புக் கண்ணாடியோடு நின்று பார்த்தார். பிறகு அக்கரையைக் காட்டினார்.

"அந்தா வெள்ளையா நிக்கிறது கொக்குதான?"

"ஆமாங்க."

"ஏழு நிக்கி."

அந்த அக்கா நெற்றியில் கையை வைத்து உற்றுப் பார்த்தார். "எட்டு அண்ணே" என்றார். "அந்தக் கல்லுக்குப் பின்னால ஒண்ணு நிக்கி பாருங்க."